ஆங்கிலத்தின் அன்றாட வினைச்சொற்கள் ஏன் இப்படி ஒழுங்கு தப்பி நிற்கின்றன?

எழுத்தாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நடுவயதில் ஆங்கிலம் கற்க வருகிறவர்களுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 'ஆர்கனைஸ்', 'டிமான்ஸ்ட்ரேட்' போன்ற நீண்ட வினைச்சொற்களுக்கு இறந்தகால வடிவம் கேட்டால் அவர்கள் தயங்காமல் ஈற்றில் 'எட்' சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவதெல்லாம் நாள்முழுதும் புழங்குகிற சின்னஞ்சிறு வினைகளில்தான். 'கோ' எப்படி 'வென்ட்' ஆயிற்று? 'பீ' என்ற ஒரே வினை 'ஆம்', 'இஸ்', 'வாஸ்' என்று ஒன்றோடொன்று ஒட்டாத உருவங்களை எடுப்பது ஏன்? 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகாலமே இல்லாதது ஏன்? 'ஹீ கேன்' என்னும்போது மட்டும் 'எஸ்' விகுதி வராதது ஏன்? 'கெட்' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்தான் உண்டு?

"அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் பெரியவர்கள் காரணம் கேட்கிறார்கள், காரணம் தெரிந்தால் மறப்பதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் வரலாற்றுக் காரணம் உண்டா, உண்டென்றால் அதை வகுப்பில் சொல்வதால் பயன் இருக்குமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

காரணம் உண்டு, பெரும்பாலானவற்றை வகுப்பில் சொல்லவும் முடியும்.

'வென்ட்' என்பது 'கோ' என்ற வினையிலிருந்து பிறந்ததே அன்று. ஈற்றில் 'டி' எழுத்துடைய 'வெண்ட்' என்று தனியாக ஒரு வினை இருந்தது. திரும்புதல், ஒரு வழியைப் பிடித்துச் செல்லுதல் என்பது அதன் பொருள். 'பெண்ட்' என்பது 'பென்ட்' ஆகவும், 'ஸ்பெண்ட்' என்பது 'ஸ்பென்ட்' ஆகவும் மாறுவது போலவே 'வெண்ட்' இறந்தகாலத்தில் 'வென்ட்' ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'கோ' என்பதற்கு 'ஏயொட' என்று முற்றிலும் வேறான ஓர் இறந்தகால வடிவம் இருந்தது. அது தேய்ந்து வழக்கொழிந்தபோது, 15ஆம் நூற்றாண்டளவில், அதன் இடத்தில் 'வென்ட்' வந்து அமர்ந்தது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' இன்று 'வெண்ட் யுவர் வே' போன்ற தொடர்களில் மட்டும் ஒதுங்கியிருக்கிறது. அதற்கும் இறந்தகாலம் வேண்டியிருந்ததால் 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது.

'பீ' இன்னும் சுவையானது. அது மூன்று வேர்கள் கூடி ஒரு வினையாக நடிக்கும் கூட்டணி. இந்த மூன்று வேர்களுக்கும் வடமொழியில் உறவுச் சொற்கள் உள்ளன. அவை தமிழிலும் கலந்திருப்பதால் உங்கள் மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். 'நாத்திகம்' என்ற சொல்லுக்குள் 'இல்லை' எனப் பொருள்படும் 'ந அஸ்தி' இருக்கிறது; அந்த 'அஸ்தி'யும் ஆங்கிலத்தின் 'இஸ்', 'ஆம்' ஆகியவையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 'அனுபவம்', 'சம்பவம்' ஆகியவற்றில் உள்ள 'பவ'வும் 'பீ', 'பீன்' ஆகியவையும் இன்னொரு வேரைச் சேர்ந்தவை. 'வசித்தல்' என்பதன் வடமொழி வேரோடு உறவுடையவை 'வாஸ்', 'வெர்' இரண்டும். இருத்தல், ஆதல், தங்குதல் என்று தனித்தனியாக இருந்த பொருள்கள் நெருங்கி வந்து ஒரே வினையின் வெவ்வேறு காலங்களாகப் பிரிந்து நின்றுவிட்டன.

இவை ஏன் பிற வினைகளைப் போலச் சீராகவில்லை என்பதற்கு விடை, அவை மிக அதிகமாகப் பயன்படுகின்றன என்பதுதான். ஒழுங்கற்ற வடிவம் ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்; அரிதாகக் கேட்கிற சொல்லுக்கு நினைவு துணை செய்யாது, விதிதான் துணை செய்யும், உடனே 'எட்' ஒட்டிக்கொள்ளும். 2007இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகள் 177ஐ எடுத்துக்கொண்டு அவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 ஒழுங்கற்றனவாகவே இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 98. ஒரு வினை மற்றொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் பயன்பட்டால் அது பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. 'ஹெல்ப்' என்பதற்கு ஒருகாலத்தில் 'ஹோல்ப்' என்றும் 'கிளைம்' என்பதற்கு 'கிளோம்' என்றும் இறந்தகாலம் இருந்தது. இன்று இரண்டும் 'எட்' கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வழங்கும் பத்து வினைகளைப் பட்டியலிட்டால் பத்துமே ஒழுங்கற்றவையாக இருப்பது தற்செயல் அன்று. தமிழிலும் 'வா' என்பது 'வந்தான்', 'வருகிறான்' என்றும் 'சா' என்பது 'செத்தான்' என்றும் ஆவதைப் பாருங்கள். நமக்கு அது உறுத்துவதே இல்லை.

இனி 'கேன்', 'மஸ்ட்' கூட்டம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை. 'கேன்', 'மே', 'ஷல்' ஆகியவற்றின் நிகழ்கால வடிவங்கள் உண்மையில் மிகப் பழைய இறந்தகால வடிவங்கள். 'அறிந்துகொண்டேன்' என்பது நாளடைவில் 'அறிவேன்' என்ற பொருளைப் பெற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கேன்' அப்படி வந்தது. அதன் முதற்பொருள் 'அறிதல்'. அறிந்தவனால் செய்ய முடியும் என்பதால் அது 'முடியும்' ஆயிற்று. 'ஹீ சேங்' என்னும்போது 'எஸ்' வராதல்லவா? அதே காரணத்தால்தான் 'ஹீ கேன்' என்பதிலும் வருவதில்லை. 'வில்' மட்டும் சற்று வேறு வழியாக வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. பழைய இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டதால் இவற்றுக்குப் புதிய இறந்தகாலம் தேவைப்பட்டது. 'குட்', 'மைட்', 'ஷுட்' ஆகியவை அப்படி உண்டானவை. ('குட்' என்பதன் எழுத்துக்கூட்டில் ஒலிக்காமல் நிற்கும் 'எல்' எழுத்துக்கு எந்தப் பாரம்பரியமும் இல்லை. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் 'எல்' நியாயமாக இருப்பதைப் பார்த்து இதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள்.)

'மஸ்ட்' கதையோ இன்னும் ஒரு சுற்று போகிறது. 'மோட்' என்ற வினை 'அனுமதி உண்டு' என்ற பொருளில் வழங்கியது. அதன் இறந்தகாலம் 'மஸ்ட்'. பிறகு 'மோட்' மறைந்தது, 'மஸ்ட்' நிகழ்காலப் பொருளுக்கு ஏறிவந்தது. ஏற்கெனவே இறந்தகாலமாக இருந்த சொல் என்பதால் அதற்கு மேலும் ஓர் இறந்தகாலம் அமையாமலே போயிற்று. அந்தக் குறையை 'ஹேட் டு' நிரப்புகிறது. 'ஆட் டு' என்பதும் இப்படித்தான்: கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம் அது. 'ஷல்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தலைக் குறித்தது; ஜெர்மன் மொழியில் கடனுக்கு இன்றும் 'ஷுல்ட்' என்பார்கள். தமிழில் 'கடன்' என்ற சொல்லே கடமையையும் குறிப்பதால், இந்தப் பொருள் மாற்றம் நம்மவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

கடலோடி எழுதியது:

'கெட்' பற்றிய கேள்வி மேலே விடுபட்டிருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று, வைக்கிங்குகளோடு வந்தது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய அந்த மக்களின் பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்றால் பெறுதல். 1066க்குப் பின் ஆட்சிக்கு வந்த நார்மானியர்களின் பிரெஞ்சிலிருந்து 'கவர்ன்', 'கமாண்ட்' போன்ற அரண்மனைச் சொற்கள் வந்தன. வைக்கிங்குகளிடமிருந்தோ அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறவர்கள் பரிமாறிக்கொள்ளும் அடிப்படை வினைகள் வந்தன. 'டேக்', 'கால்' இரண்டும் நார்ஸ் சொற்கள். 'டை' என்பதும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். 'கிவ்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்தாலும் அதன் முதலெழுத்து 'ய' போலத்தான் ஒலித்தது. இன்றைய 'க' ஒலி நார்ஸ் தாக்கம்.

புதிய சொல் வந்தபோது பழைய சொல் என்னவாயிற்று என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'டேக்' வருவதற்கு முன் எடுத்தலுக்கு 'நிமன்' என்ற சொல் இருந்தது. அது வினையாக மறைந்துவிட்டது, ஆனால் அதன் எச்சம் ஒன்று இன்றும் நடமாடுகிறது: விரல் மரத்துப்போவதைக் குறிக்கும், எழுத்தின் கடைசியில் ஒலிக்காத 'பி' கொண்ட 'நம்' என்ற சொல்தான் அது. உணர்வு 'எடுக்கப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். அதுபோல 'ஸ்டார்வ்' என்பது முன்பு பொதுவாகச் சாவதைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் 'ஸ்டெர்பன்' இன்றும் அப்படியே இருக்கிறது. 'டை' வந்து பொதுப்பொருளைப் பிடித்துக்கொள்ளவே, 'ஸ்டார்வ்' பட்டினியால் சாவது என்று ஒடுங்கிவிட்டது. 'வான்ட்' என்பதற்கும் நார்ஸில் 'இல்லாதிருத்தல், குறைபடுதல்' என்றே பொருள். இல்லாததை விரும்புவது இயல்பு என்பதால் 'வேண்டும்' என்ற பொருள் பின்னாளில் மேலோங்கியது. 'ஃபார் வான்ட் ஆஃப்' என்ற தொடரில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

'கெட்' என்பதன் பல பொருள்களை வகுப்பில் ஒன்றாகக் கட்ட ஒரு வழி உண்டு. 'கெட் எ லெட்டர்', 'கெட் டயர்ட்', 'கெட் ஹோம்', 'கெட் த ஜோக்', 'கெட் த கார் ரிப்பேர்ட்' என்ற ஐந்தையும் வரிசையாக எழுதுங்கள். கடிதம் கையில் இல்லை, இப்போது இருக்கிறது. களைப்பு இல்லை, இப்போது இருக்கிறது. வீட்டில் இல்லை, இப்போது இருக்கிறோம். நகைச்சுவை பிடிபடவில்லை, இப்போது பிடிபட்டுவிட்டது. வண்டி பழுதாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. முன்பு இல்லாத ஒரு நிலையை வந்தடைவதே எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. 'காட்டன்' என்பது அமெரிக்கர்கள் செய்த கொச்சை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் பழைய வடிவம். அதைக் கைவிட்டவர்கள் பிரிட்டனில் உள்ளவர்கள்தான், அவர்களும் 'ஃபர்காட்டன்' என்பதில் அதை விடவில்லை.

மின்மினி எழுதியது:

மிக நல்ல விளக்கங்கள். இதையொட்டி ஒரு கேள்வி: 'கில்' என்ற வினை நம் 'கொல்' என்பதிலிருந்து சென்றது என்று பலர் எழுதுகிறார்கள். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது அதை மறுக்க முடியுமா? ஆங்கிலத்தில் தமிழிலிருந்து சென்ற வினைச்சொல் ஏதேனும் உண்டா?

பழஞ்சுவடி எழுதியது:

மறுக்க முடியும், மின்மினி அவர்களே. இரு சொற்கள் உண்மையிலேயே உறவுடையவை என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப்போக அவை நெருங்கி வர வேண்டும். 'கில்' பின்னோக்கிப் போனால் விலகிப் போகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் முதலில் தென்படும்போது அதன் பொருள் கொல்லுதல் அன்று, அடித்தல்தான். அது அடக்குதலைக் குறிக்கும் 'குவெல்' என்ற வினையோடு உறவுடையதாக இருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அந்த உறவைக்கூட அவர்கள் ஐயத்தோடுதான் சொல்கிறார்கள்.

வெறும் ஒலியொப்புமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஐரோப்பிய மொழிகளுக்குள்ளேயே சான்று உண்டு. ஆங்கில 'ஹேவ்' என்பதும் இலத்தீனின் 'ஹபேரே' என்பதும் உருவிலும் பொருளிலும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றன, ஆனால் அவை வெவ்வேறு வேர்களைச் சேர்ந்தவை. 1822இல் யாக்கோப் கிரிம் வகுத்துரைத்த ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீனில் 'க' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' வர வேண்டும்: கொம்பைக் குறிக்கும் இலத்தீன் 'கோர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. அந்த விதிப்படி 'ஹேவ்' என்பதன் உண்மையான உறவு, பிடித்தலைக் குறிக்கும் இலத்தீன் 'கபேரே'. 'கேப்சர்' என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவை 'கட்டமரான்' (கட்டுமரம்), 'ஷெரூட்' (சுருட்டு) போன்ற பெயர்ச்சொற்கள். மொழிகள் பொருள்களை வாங்கும்போது பெயர்களையும் சேர்த்து வாங்கும். வினைகளை அவ்வளவு எளிதில் வாங்குவதில்லை. 'கறி' என்ற நம் சொல் 'கரி' என ஆங்கிலத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் 'கரி ஃபேவர்' என்ற தொடரில் வரும் வினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது குதிரையைத் தேய்த்துவிடுதலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினை. முகத்துதி செய்து காரியம் சாதிப்பவர்களை, கதையில் வரும் ஃபாவெல் என்ற குதிரைக்குப் பணிவிடை செய்பவர்களாகக் கேலி செய்ததிலிருந்து பிறந்த தொடர். 'ஃபாவெல்' என்ற பெயர் காதில் திரிந்து 'ஃபேவர்' ஆயிற்று.

நடைவண்டி எழுதியது:

வரலாறு சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும் மூலக் கேள்வியின் இரண்டாவது பகுதிக்கு, அதாவது வகுப்பில் இதனால் பயன் உண்டா என்பதற்கு, நான் கொஞ்சம் மாறுபட்ட விடை சொல்ல விரும்புகிறேன். சொல் பிறந்த கதை வடிவத்தை விளக்கும். பயன்பாட்டை அநேகமாக விளக்காது. 'டெல்' என்பது முதலில் எண்ணுதலைக் குறித்தது என்றும், வங்கியில் பணம் எண்ணுபவர் அதனால்தான் 'டெல்லர்' ஆனார் என்றும் சொல்லலாம். ஆனால் 'ஹீ செட் மீ' என்று எழுதுகிற மாணவருக்கு அது உதவாது. 'டெல்' என்றால் உடனே கேட்பவர் வர வேண்டும், 'சே' என்றால் கேட்பவருக்கு முன் 'டு' வேண்டும் என்பதைத்தான் அவருக்குப் பழக்க வேண்டும்.

பொருள்களின் பெருக்கத்துக்கும் வேர் விடை தராது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு, வைத்தலைக் குறிக்கும் 'செட்' என்ற வினைக்கு இருந்தது, 430க்கு மேற்பட்ட பொருள்களோடு. பின்னர் திருத்தியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. அதற்கு அவர்கள் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. ஆறும் ஓடுகிறது, இயந்திரமும் ஓடுகிறது, கடையும் ஓடுகிறது என்று தமிழிலும் சொல்வதால் பாதித் தூரம் மாணவர் தாமாகவே வந்துவிடுவார். மீதித் தூரத்தைத் தொடர்களாகத்தான் கற்க வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை, வினையோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' சேர்ந்து வேறு பொருள் தரும் தொடர்கள்தாம். அயலாருக்கு இதுவே மிகப் பெரிய தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். இங்கே நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிறவியிலேயே அறிந்தவர்கள் நாம். 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அதுவே. எல்லாத் தொடர்களுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடங்களில் தொடங்கினால் மாணவரின் அச்சம் குறையும்.

அதே தாய்மொழி அறிவு காலை வாருவதும் உண்டு. 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பது நம்மிடையே ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? 'வைத்திருக்கிறேன்' என்பதில் உள்ள 'இருக்கிறேன்' நம்மை 'ஆம்' பக்கம் தள்ளுகிறது என்பது என் ஊகம். அதற்கு மாறாக 'ஐ ஆம் நோயிங்' என்ற பிழையைத் திருத்துவது எளிது. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று தமிழில் யாராவது சொல்வார்களா என்று ஒருமுறை கேட்டால் போதும், வகுப்பே சிரித்துவிடும், பிழையும் குறையும்.

எழுத்தாணி எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது; அனைவருக்கும் நன்றி. வடிவத்துக்கு வரலாறு, பயன்பாட்டுக்குத் தொடர்ப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளலாம் எனத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் இன்னும் பாக்கி: 'லை', 'லே' என்ற இரண்டு வினைகளை எப்படிக் கற்பிப்பது? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கடலோடி எழுதியது:

இந்த ஓர் இடத்தில் வரலாறும் பயன்பாடும் ஒன்றாகவே வருகின்றன. நம் பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான் இது. 'உருள்' என்பது 'உருட்டு' ஆவதும், 'ஆடு' என்பது 'ஆட்டு' ஆவதும் போல, ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. அந்த விகுதி பின்னர் உதிர்ந்துவிட்டது, அது மாற்றிவைத்த உயிரொலி மட்டும் நிலைத்துவிட்டது. தானாக உட்கார்ந்தால் 'சிட்', ஒன்றை உட்காரவைத்தால் 'செட்'. மரம் தானாக விழுந்தால் 'ஃபால்', வெட்டி வீழ்த்தினால் 'ஃபெல்'. 'டிரிங்க்' என்றால் குடித்தல், 'டிரெஞ்ச்' என்பதற்கு முதலில் குடிக்கவைத்தல் என்றே பொருள். முழுக்க நனைத்தல் என்பது பின்னர் வந்தது. அதே முறையில் தானாகக் கிடந்தால் 'லை', ஒன்றைக் கிடத்தினால் 'லே'.

குழப்பத்துக்குக் காரணம், 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே அமைந்துவிட்டதுதான். 'ஷீ லே ஆன் த பெட்' என்றால் அவள் நேற்றுப் படுத்திருந்தாள். 'லே த புக் ஆன் த டேபிள்' என்றால் புத்தகத்தை இப்போது மேசைமேல் வை. 'எதை' என்று கேட்டால் விடை கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் 'லே, லெய்ட், லெய்ட்'. கிடைக்காவிட்டால் 'லை, லே, லெய்ன்'. பொய் சொல்லுதலைக் குறிக்கும் 'லை' இவை இரண்டோடும் உறவில்லாத தனி வினை, அதற்கு 'லைட்' என்று சீரான இறந்தகாலமே உண்டு. ஆகவே அதை இந்தப் பாடத்தோடு கலக்காமல் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.